ஸீன் பதினான்கில் ஒரு சிவப்புக் கோட்

அத்தியாயம் 4

“எடுத்தது ராஜுதான்,” என்றாள் றூபினி, அந்தக் காலையில் ஒன்பதாவது தடவையாக.

லோகன் எண்ணிக்கொண்டிருந்தான். அந்த அறையில் எண்ணுவதற்கு வேறு ஒன்றும் இல்லை. டூட்டிங்கில் ஒரு கோழிக்கடைக்கு மேலே, இரண்டு திரைகளும் ஒரு சோபாவும் போட்டதும் நிரம்பிவிட்ட எடிட்டிங் அறை அது. சோபாவில் பெர்னடெற் உட்கார்ந்துவிட்டதால் லோகன் நின்றுகொண்டிருந்தான். கீழேயிருந்து ஏறி வந்த கோழி பொரிக்கிற வாசத்தில் அவனுக்குப் பசி வேறு பிடித்தது.

லோகன் கிள்ளானில் பிறந்தவன். படிக்க வந்தான், லண்டனிலேயே வேலை கிடைத்துத் தங்கிவிட்டான். திங்கள் முதல் வியாழன் வரை பென்ஷன் கம்பெனி. வெள்ளிக்கிழமை மட்டும் துப்பறிவாளன். பெர்னடெற்றுக்கோ ஏழு நாளும் அதே தொழில். இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கிளெய்ம்களை மோப்பம் பிடித்த யாழ்ப்பாணத்துப் பெண்மணி அவள். அவளிடம் பொய் சொல்வதும் ஒன்றுதான், சொல்லாமல் இருப்பதும் ஒன்றுதான், எப்படியும் கண்டுபிடித்துவிடுவாள்.

“பிள்ளை, ராஜுவைப் பிறகு தூக்கிலை போடுவம்,” என்றாள் பெர்னடெற். “முதல்லை துலைஞ்சது என்ன எண்டு வடிவாச் சொல்லும்.”

றூபினி மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். அவளும் சிங்கப்பூர் ராஜுவும் பதினைந்து வருஷக் கூட்டாளிகள். ஓர் உண்மைக் கதை கிடைத்தால் ராஜு அதை டொக்குமென்டரியாக எடுப்பான். அதே கதையை றூபினி நடிகர்களை வைத்து நாடகமாக எடுப்பாள். இப்படி நாலு கதைகள் முடிந்துவிட்டன. ஐந்தாவது கதை மோர்டனில் இருக்கும் கிளறிற்றாவுடையது. கிளறிற்றா தன் சிவப்புக் கோட்டைக் காட்டிப் பேசுகிற ராஜுவின் டொக்குமென்டரி பரிசும் வாங்கிவிட்டது. றூபினியின் நாடகத்தை ஒரு டிவி சானல் வாங்கி, அடுத்த மாதம் போடுவதாக இருந்தது. ஒரேயொரு கடதாசி குறைந்தது.

“சம்மதப் பத்திரம் அக்கா. ‘இதிலை வாற பொம்பிளை நான்தான், இந்தச் சம்பவமெல்லாம் நான் செய்தது, எனக்கு நடந்தது’ எண்டு கதைக்குரிய ஆள் கையெழுத்து வைக்கவேணும். போன வியாழக்கிழமை நானே கொண்டுபோய் கிளறிற்றா அன்ரியின்ரை கையிலை குடுத்தன். திங்கள் போய்க் கேட்டா ‘குடுத்திட்டன்’ எண்டுறா. ஆரிட்டை எண்டு கேட்டா வாயே திறக்கிறா இல்லை. புதுசா ஒண்டு நீட்டினன். ‘ஒருக்காக் குடுத்தாச்சு, ரெண்டாந்தரம் ஏலாது’ எண்டிட்டா. இண்டைக்குப் பின்னேரம் அஞ்சு மணிக்கு லோயரிட்டைப் பத்திரம் போகாட்டி, படத்தைத் தூக்கிப்போடுவினம். மூண்டு வருச உழைப்பு அக்கா!”

“நடுவில ராஜு எங்க வந்தாரு?” என்றான் லோகன்.

“ஞாயிற்றுக்கிழமை அன்ரியின்ரை போட்டோ அல்பத்தைத் திருப்பிக் குடுக்கப் போனவன். என்னோடை கோவம். என்ரை படத்திலை அன்ரி அழுற இடம் நாலு நிமிசம் வருது. ‘பேட்டியிலை ஆரும் அழேல்லை, வெட்டு’ எண்டான். மாட்டன் எண்டன். அதுக்குப் பழிவாங்கிறான்.”

“நாலு நிமிஷம் அழுவாங்களா? எங்க அம்மா சீரியலே ரெண்டு நிமிஷத்துல விட்டுரும் லா.”

றூபினி பார்த்த பார்வையில் லோகன் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

பெர்னடெற் அதற்குள் ராஜுவுக்கே போன் போட்டுவிட்டாள். சந்தேக நபரிடமே உதவி கேட்பது அவள் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை கிளறிற்றா வீட்டில் படம் எடுத்தீர்களா என்று கேட்டாள். ராஜுவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் அனுப்பினான். அவனும் கிளறிற்றாவும் அல்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற ஒரு செல்ஃபி. றூபினியின் போனிலும் வியாழக்கிழமை எடுத்த ஒரு படம் இருந்தது. அதே முன்னறை, அதே சோபா, கிளறிற்றாவின் கையில் பத்திரம்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள் பெர்னடெற்.

“றூபினி, நீர் டைரக்டர். ஒரு ஸீனை ரெண்டு நாளிலை எடுத்தா, சாமான் எல்லாம் வைச்ச இடத்திலை இருக்கோ எண்டு பாக்கிறது உங்கடை தொழில்தானே? பாரும்.”

றூபினி பார்த்தாள். லோகனும் எட்டிப் பார்த்தான்.

“வியாழக்கிழமை மூலைமேசையில லேஸ் துணி, மெழுகுவர்த்தி, நீலச் சேலையில ஒரு மாதா சிலை,” என்றான் லோகன். “ஞாயித்துக்கிழமை அதே மேசையில டிவி ரிமோட்டும் ஒரு கிண்ணம் கடலையும். அடடா, ராஜு மாதாவையே தூக்கிட்டாரா?”

“விசர்க் கதை கதையாதையும். மாதா தானாத்தான் போனவ.”

பெர்னடெற் எழுந்துவிட்டாள். எழுந்தால் விஷயம் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். “எங்கடை சேர்ச் பங்கிலை மாதா வீடு வீடாப் போவா. ஒரு வீட்டிலை ஒரு கிழமை, சனிக்கிழமை அடுத்த வீடு. வாற வீட்டிலை செபமாலை, சாப்பாடு எல்லாம் இருக்கும். சரி, ஒரு முக்கியமான கடுதாசி வந்தா எங்கடை ஆக்கள் எங்கை வைப்பினம்?”

“ஃபிரிட்ஜ் கதவுல, மேக்னட் போட்டு.”

“மாதாவின்ரை காலடியிலை. விசாப் பேப்பர், மோட்கேஜ் பேப்பர், டிரைவிங் டெஸ்ட் பேப்பர், எல்லாம் லேஸ் துணிக்குக் கீழை ஒரு ராத்திரி கிடந்துதான் வெளியிலை போகும். என்ரை டிவோர்ஸ் பேப்பரே கிடந்தது. கிளறிற்றா அக்காவும் வைச்சிருப்பா. சனிக்கிழமை ஆக்கள் வந்து சிலையைத் துணியோடை தூக்கிக்கொண்டு போயிருப்பினம். பத்திரம் இப்ப ஆரோ ஒருத்தர் வீட்டிலை மாதாவோடை இருக்குது.”

றூபினி சோபாவில் தொப்பென்று விழுந்து சிரித்தாள். ராஜுவை நாலு நாளாகத் திட்டியதெல்லாம் ஞாபகம் வந்து, இன்னும் சிரித்தாள்.

*

மோர்டனில் கிளறிற்றா பங்குப் பெருநாளுக்கு மீன் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்திரண்டு வயது, கையெல்லாம் மா. மூன்று பேரையும் வாசலில் கண்டதும் அவள் முகம் சுருங்கிப் பிறகு விரிந்தது. வந்தவர்களைச் சாப்பிடச் சொல்லாமல் விடுவது அந்த வீட்டில் பெரிய குற்றம். லோகன் அந்தக் குற்றம் நடக்காமல் பார்த்துக்கொண்டான். ஐந்து நிமிஷத்தில் நாலு ரோல்ஸ்.

“அக்கா, பத்திரத்தை மாதாவின்ரை காலடியிலை வைச்சனீங்களோ?” என்று நேராகக் கேட்டாள் பெர்னடெற்.

“குடுக்க வேண்டிய ஆளுக்குப் போயிருக்கும்,” என்றாள் கிளறிற்றா, எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டே. அடுத்த ரோல்ஸை எண்ணெயில் போட்டாள்.

பேசாதவர்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் பேசும் என்பது லோகனின் சொந்தக் கண்டுபிடிப்பு. ஐந்தாவது ரோல்ஸோடு அதன் பக்கம் போனான். மாதா போகவேண்டிய வீடுகளின் பட்டியல் அங்கே ஒட்டியிருந்தது, எழுதியது கிளறிற்றாதான். அவளுக்கு அடுத்தது பக்கத்துத் தெரு றெஜினோல்ட் குடும்பம். அந்தப் பெயர் வெட்டப்பட்டு, மேலே புதிதாக எழுதியிருந்தது: அருமைநாயகி, ஆர்ச்வே. பட்டியலுக்குக் கீழே ஒரு விசிட்டிங் கார்ட், அதே அருமைநாயகி: ‘சாறி பிளவுஸ் அளவெடுத்துத் தைத்துத் தரப்படும்.’

“அக்கா,” என்று பெர்னடெற்றின் காதில் குனிந்தான். “பிளவுஸ் தைக்க மோர்டன்ல ஆள் இல்லையா? அந்த அம்மா லண்டனுக்கு அந்தப் பக்கம் இருக்காங்க.”

“வடிவாக் கேட்டீர்,” என்றாள் பெர்னடெற். அவள் வாயிலிருந்து வந்த பாராட்டுகளில் இது இந்த வருஷத்தின் முதலாவது. பிறகு கிளறிற்றாவிடம் திரும்பினாள். “டொக்குமென்டரியிலை வாற அந்தச் சிவப்புக் கோட்டை ஒருக்காப் பாக்கலாமோ?”

கிளறிற்றா கை கழுவிவிட்டுப் போய், லோண்டரிப் பிளாஸ்டிக் உறையோடு கோட்டைக் கொண்டுவந்தாள். அடேயப்பா, நல்ல இரத்தச் சிவப்பு. ராஜுவின் கமரா இதில் மயங்கியதில் ஆச்சரியமே இல்லை.

“பின்னேரம் மட்டும் எனக்கு இதைத் தாறீங்களோ? குளிருது.”

ஆனி மாதம். இருபத்தெட்டுப் பாகை வெயில். லோகனுக்கு ரோல்ஸ் புரையேறிவிட்டது. கிளறிற்றாவோ பெர்னடெற்றைக் கண் எடுக்காமல் பார்த்தாள். பிறகு கோட்டை ஒரு பையில் மடித்து வைத்துக் கொடுத்தாள்.

“கவனமாக் குடுங்கோ,” என்றாள்.

*

மோர்டனில் ஏறினால் ஆர்ச்வே மட்டும் ஒரே ரயில், முக்கால் மணி நேரம். பெட்டிக்குள் வெக்கை அவித்தது. கோட் இருந்த பை லோகனின் மடியில். தூக்குகிற வேலையெல்லாம் எப்போதும் அவன் தலையில்தான் விடியும்.

“குளிருதுன்னீங்களே, போட்டுக்குங்க.”

“பிறகு.”

எதிர் இருக்கையில் றூபினி ஒரு காகிதக் கத்தையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். உண்மைக் கதையைப் படமாக்கினால் லோயருக்கென்று தனியாக ஒரு பிரதி தயாரிக்கவேண்டும். ஒவ்வொரு ஸீனுக்கும் பக்கத்தில் ‘இது எங்கேயிருந்து வந்தது’ என்று எழுதியிருக்கவேண்டும். பெர்னடெற் கேட்டதும் பதினான்காவது ஸீனை வாசித்தாள்.

“தொண்ணூற்றி ஒன்பது தை மாதம். குரோய்டன் ஒபிசுக்கு வெளியிலை அகதியா ஏற்கச்சொல்லி அசூல் கேக்கிற சனத்தின்ரை வரிசை. அன்ரி முன்னுக்கு நிக்கிறா. கடைசியிலை ஒரு பிள்ளைத்தாச்சி குளிரிலை விறைக்குது. அன்ரி தன்ரை சிவப்புக் கோட்டைக் கழட்டி அவவுக்குப் போட்டுவிட்டு, தன்ரை இடத்தையும் குடுத்திட்டு, போய்க் கடைசியிலை நிக்கிறா. ரெண்டு பேருக்கும் ஒருத்தரின்ரை பேர் மற்றவருக்குத் தெரியாது. பிறகு காணவும் இல்லை.” றூபினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன் படத்துக்குத் தானே அழுகிற டைரக்டர் அவள்.

“பக்கத்திலை என்ன எழுதியிருக்கு?”

“ஆதாரம்: கிளறிற்றாவின் பேட்டி. கோட் நேரில் பார்க்கப்பட்டது.”

“லோகன்,” என்றாள் பெர்னடெற். “மழைக்குள்ளை நீர் உம்மடை குடையை முன்பின் தெரியாத ஆளுக்குக் குடுக்கிறீர். பிறகு அந்தக் குடை ஆரிட்டை இருக்கும்?”

“அந்த ஆள்கிட்டதான். மூணு குடை போயிருக்கு எனக்கு. ஆமா, இப்ப எதுக்குக் குடை?”

பெர்னடெற் கண்ணை மூடிக்கொண்டாள். இறங்கும்வரைக்கும் திறக்கவில்லை.

*

ஆர்ச்வேயில் இறங்கி, முருகன் கோயில் இருக்கிற ஏற்றத்தில் மூச்சு வாங்க நடந்து, பக்கத்துத் தெருவில் ஒரு பிளாட்டின் மணியை அடித்தபோது மணி நாலு.

கதவைத் திறந்தவள் அறுபது வயதுக்காரி. நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் அளவு நாடா. பின்னால் தையல் மெஷின். அதற்குப் பின்னால், சுவரில் வள்ளி தெய்வானையோடு முருகன் படம். படத்துக்குக் கீழே மேசையில், நீலச் சேலையில் மாதா. இரண்டு பேருக்கும் சரிசமமாகச் செவ்வந்திப் பூ வைத்திருந்தது.

“அருமைநாயகி அக்கா, நாங்கள் மாதாவைப் பாக்க வந்தனாங்கள்.”

“வாங்கோ, வாங்கோ! நானும் ஆரும் வரேல்லையே எண்டு இருந்தன். செபம் சொல்ல எனக்குத் தெரியாது பாருங்கோ, தேவாரம்தான் படிச்சனான். அவ ஒண்டும் கோவிக்கேல்லை.” அருமைநாயகி கதிரைகளிலிருந்த துணிகளை அள்ளினாள். “மோர்டனிலை இருந்து கிளறிற்றா எண்டு ஒருத்தி போன் எடுத்தவ. ‘மாதா ஒரு கிழமை உங்கடை வீட்டை வரலாமோ’ எண்டு கேட்டா. ஆர் எவர் எண்டு தெரியாது. சின்னனிலை மடு மாதா கோயிலுக்கு வருசா வருசம் போனனாங்கள், மாதா தானா வாறன் எண்டா வேண்டாம் எண்டு சொல்ல ஏலுமே?”

“லேஸ் துணியை ஒருக்காத் தூக்கிப் பாக்கட்டோ?”

“ஐயோ, நான் அதைத் தொடேல்லை. சாமியின்ரை சீலை.”

பெர்னடெற் சிலுவை போட்டுக்கொண்டு துணியின் ஓரத்தைத் தூக்கினாள். பத்திரம் இருந்தது! றூபினி “ஆண்டவரே!” என்று பாய்ந்து எடுத்தாள், புரட்டினாள், கடைசிப் பக்கத்துக்குப் போனாள். அங்கே அப்படியே நின்றுவிட்டாள்.

கையெழுத்து வைக்கிற இடத்தில் வெறுமை. அதில் குண்டூசியால் ஒரு துண்டுக் காகிதம் குத்தியிருந்தது. லோகன்தான் வாங்கி வாசித்தான்.

“அருமைநாயகி அக்கா, போன வருசம் ஆர்ச்வே முருகன் கோயில் திருவிழாவிலை உங்களைக் கண்டன். கிட்ட வரப் பயமாக் கிடந்தது. ஆரோ உங்கடை கார்ட்டைத் தந்தினம். குரோய்டனிலை கோட்டையும் இடத்தையும் தந்தது நீங்கள். வாங்கினது நான். முதன்முதல் எங்கடை சேர்ச்சிலை அந்தக் கதையைச் சொல்லேக்கை, வாங்கினவள் எண்டு சொல்ல வெக்கமாக் கிடந்தது. மாறிச் சொல்லிப்போட்டன். பிறகு கமரா வந்திட்டுது. கமராவுக்குப் பொய் சொல்லிப்போட்டன், மாதாவுக்கு முன்னாலை கையெழுத்து வைக்க ஏலாது. இது நீங்கள் வைக்கவேண்டிய கையெழுத்து.”

அப்போதுதான் லோகனின் மண்டையில் குடை விரிந்தது.

“கோட்டைக் குடுத்தவங்க அவங்கன்னா, கோட் எப்படி அவங்க வீட்டு அலுமாரியில இருக்கும்!” என்று கத்தினான். “பரிசு குடுத்தவன், லோயர், ராஜு, ஒருத்தனுக்கும் தோணலையே!”

“கோட் கமராவுக்கு அவ்வளவு வடிவு,” என்றாள் பெர்னடெற். “வடிவான சாமானைக் கண்டா உண்மைப்படம் எடுக்கிற ஆக்கள் கேள்வி கேக்கமாட்டினம். நேரிலை பாத்தாச்சு எண்டு எழுதிப்போட்டுப் போவினம்.”

றூபினி தையல் துணிக் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். “முடிஞ்சுது. என்ரை படம் முழுக்கப் பொய்.”

“விசரே உமக்கு? உம்மடை நாடகத்திலை பேரெல்லாம் மாத்தியிருக்கு. ஒருத்தி கோட்டைக் குடுத்தாள், இடத்தைக் குடுத்தாள், பின்னுக்குப் போய் நிண்டாள். நடந்ததும் அதுதானே? ராஜுவின்ரை டொக்குமென்டரிதான் பொய். நீர் எடுத்த நாடகம்தான் உண்மை!”

லோகனுக்கு விழுந்து புரளவேண்டும்போல் இருந்தது. இடமில்லை. உண்மை ஆட்களை வைத்து எடுத்த படம் பொய், நடிகர்களை வைத்து எடுத்தது மெய். ராஜுவுக்கு இதைச் சொல்லும்போது தானும் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று மனதுக்குள் நேர்ந்துகொண்டான்.

அருமைநாயகி அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, அந்தக் கோட்டிலை ஏதும் அடையாளம் இருந்ததோ?” என்று மெதுவாகக் கேட்டாள் பெர்னடெற்.

“இடப்பக்க அக்குளுக்குக் கீழை, உள் லைனிங்கிலை ஒரு கள்ளப் பை. பயணத்துக்கு எண்டு நான்தான் தைச்சது. சிவப்பு நூல் கிடைக்கேல்லை, நீல நூல்.”

லோகன் பையிலிருந்து கோட்டை உருவினான். உள்ளே கையை விட்டுத் தடவினான். நீலத் தையல், சின்ன அமுக்குப் பொத்தான். திறந்தான். பொலித்தீனில் நாலாக மடித்த ஒரு பொட்டலம் விழுந்தது. பிரித்தால், நல்லூர் முருகன் விபூதி!

“அப்போ இருபத்தாறு வருஷமா,” என்றான் லோகன் திக்கித் திக்கி, “கிளறிற்றா ஆன்ட்டி முருகனைக் கக்கத்துல வெச்சுக்கிட்டா சர்ச் பூசைக்குப் போனாங்க?”

முதலில் சிரித்தது அருமைநாயகி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெர்னடெற் சிரித்தாள், றூபினி அழுதுகொண்டே சிரித்தாள். அருமைநாயகி கோட்டை வாங்கி, அந்த வெக்கையிலும் போட்டுப் பார்த்தாள். பொத்தான் பூட்ட எட்டவில்லை.

“நான் நல்லா வளந்திட்டன்,” என்றாள்.

மணி நாலு முப்பத்தைந்து. றூபினி லோயருக்குப் போன் போட்டு மூச்சுவிடாமல் விஷயத்தைச் சொன்னாள். பிறகு, கதைக்குரிய உண்மையான ஆள் கையெழுத்து வைத்தால் போதும், கள்ளப் பையையும் துண்டுக் காகிதத்தையும் படம் எடுத்து அனுப்பு, ஐந்து மணி ஐந்து மணிதான் என்று பதில் வந்தது.

“அக்கா,” என்று பத்திரத்தை நீட்டினாள் றூபினி.

“பொறும். படத்திலை நான் என்ன செய்யிறன்?”

“கோட்டைக் குடுத்துப்போட்டு... பின்னுக்கு நிண்டு அழுறீங்கள்.”

“அழுறனோ? நான் அண்டைக்கு அழேல்லையே! கோட் இல்லாமல் நிண்டா அழ நேரம் எங்கை, துள்ளிக்கொண்டெல்லோ நிண்டன். எவ்வளவு நேரம் அழுறன்?”

“நாலு நிமிசம்.”

“வெட்டு.”

றூபினி வாயைத் திறந்தாள், ராஜுவை நினைத்தாள், மூடினாள். “ஓம் அக்கா, வெட்டுறன்.”

“இன்னும் ஒண்டு இருக்கு.” அருமைநாயகியின் குரல் இப்போது வேறாக இருந்தது. “இருபத்தாறு வருசமா எனக்கு ஒரு கேள்வி. அதுக்குப் பதில் தெரியாமல் நான் ஒண்டிலையும் கையெழுத்து வைக்கமாட்டன். அந்தப் பிள்ளைக்குப் போன் எடுங்கோ.”

பெர்னடெற் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள். மோர்டனில் எண்ணெய் பொரிகிற சத்தம் கேட்டது. பிறகு கிளறிற்றாவின் குரல், மெல்லியதாக. “ஹலோ?”

“பிள்ளை, நான் அருமைநாயகி. கோட் வந்து சேந்திட்டுது.”

அடுப்பை நிறுத்துகிற சத்தம். பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

“அழாதை. படத்திலையே வெட்டச் சொல்லிப்போட்டன். எனக்கு ஒண்டைச் சொல்லு. அண்டைக்கு நீ உள்ளுக்குப் போனாப் பிறகு நான் உன்னைக் காணேல்லை. ஒவ்வொரு தையும் குளிருக்கை நினைக்கிறனான். உனக்கு என்ன பிள்ளை பிறந்தது?”

லோகன் சுவர்ப் பக்கம் திரும்பி முருகனைப் பார்த்துக்கொண்டு நின்றான். கண் எரிந்தது. ரோல்ஸில் மிளகு கூடிவிட்டது என்று யாராவது கேட்டால் சொல்லலாம்.

“பெட்டை அக்கா!” என்று போன் கத்தியது, அழுகையும் சிரிப்புமாக. “பெட்டைப் பிள்ளை! உங்கடை பேரை வைக்கத்தான் ஆசை. பேர் தெரியாதே! றொசாந்தி எண்டு வைச்சிட்டன். இருபத்தாறு வயசு. கொண்டுவந்து காட்டட்டோ?”

“காட்டாமல்? நாளைக்கு மாதாவைக் கூட்டிக்கொண்டு போக வரேக்கை அவளையும் கூட்டிக்கொண்டு வா. ரோல்ஸும் கொண்டு வா.”

சுவர்க் கடிகாரத்தில் நாலு ஐம்பத்தொன்று. அருமைநாயகி சிவப்புக் கோட்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மெஷினுக்கு முன்னால் இருந்த கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், கையை நீட்டினாள்.

“பேனை எங்கை?”